பிசினஸ் பிஎச்டிக்கு மனு போடுமுன்: ஃபைலை மூடி வையுங்கள், கேள்வியை எடுங்கள்

பிஎச்டி படிக்கலாம் என்று முடிவெடுத்த மறுநாளே இங்கே மலேசியாவில் நம்மவர்கள் செய்கிற முதல் வேலை, சான்றிதழ் ஃபைலைத் தேடி எடுப்பது. பள்ளி இறுதியில் எழுதிய எஸ்டிபிஎம், டிகிரி, மாஸ்டர்ஸ், கம்பெனியில் கொடுத்த பாராட்டுக் கடிதம், எப்போதோ போய்வந்த இரண்டு நாள் கருத்தரங்கின் பங்கேற்புச் சான்றிதழ் வரை அடுக்கி ஸ்கேன் பண்ணி, நான் எவ்வளவு தகுதியானவன் பாருங்கள் என்று காட்டத் தயாராகிவிடுகிறோம். வேலைக்கு மனு போட்டுப் போட்டுப் பழகிய கை. எம்பிஏவுக்கு அது ஓரளவு செல்லும். முனைவர் படிப்புக்கு அந்த ஃபைல் கேட்டைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைப்பது வேறு ஒன்று.

அது என்ன என்று புரிய வேண்டுமானால் நம் மனுவை யார் படிக்கிறார், அவருக்கு என்ன பயம் என்று பார்க்க வேண்டும்.

எம்பிஏ மனுவைப் பெரும்பாலும் சேர்க்கை அலுவலகம் படிக்கிறது. கட்டணம் கட்டப் போகிறவர் நாம், வகுப்பில் நாற்பது ஐம்பது பேர் இருப்போம், ஒருவர் சுமாராக இருந்தாலும் யாருடைய தூக்கமும் கெடாது. பிஎச்டி மனுவை அந்தத் துறையின் பேராசிரியர்களே படிக்கிறார்கள். அமெரிக்காவின் நல்ல பிசினஸ் ஸ்கூல்களில் கணக்கியல், நிதி, மார்க்கெட்டிங், நிறுவன நடத்தை என்று ஒவ்வொரு பிரிவும் ஆண்டுக்குச் சில பேரைத்தான் எடுக்கும், இரண்டு மூன்று பேர் என்பது சாதாரணம். எடுக்கிறவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் செலவுக்கும் பணம் கொடுத்து, நான்கைந்து ஆண்டு வைத்திருப்பார்கள். இவர் நாளைக்கு நல்ல ஜர்னலில் எழுதுகிற ஆராய்ச்சியாளர் ஆவாரா, இல்லை இரண்டாம் வருடம் அலுத்துப்போய் கன்சல்டிங் வேலைக்குப் போய்விடுவாரா என்பதுதான் அவர்களுடைய பயம்.

இங்கே கதை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கில் யுஎஸ்எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ பெரும்பாலும் கட்டணம் கட்டுவது நாம்தான், ஆனால் நம்மை ஏற்றுக்கொள்கிற சூப்பர்வைசர் தலையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாணவர் காலத்தோடு முடிக்க வேண்டும், இங்கே எல்லோரும் ஜிஓடி என்று சொல்கிற கிராஜுவேட் ஆன் டைம், அது அவருடைய வேலைத்திறனை அளக்கும் கேபிஐயில் வருகிறது. முடிப்பதற்கு முன்னால் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் ஒன்றிலாவது உள்ள ஜர்னலில் கட்டுரை வெளியாக வேண்டும் என்று பல இடங்களில் நிபந்தனையும் உண்டு. வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு பார்ட் டைமில் வருகிற ஆள், மூன்றாம் வருடம் தொலைபேசியை எடுக்காமல் ஓடி ஒளிந்துவிடுவாரோ என்று அவர் பயப்படுகிறார். அது நியாயமான பயமும்கூட.

அங்கே ஒரு பயம், இங்கே ஒரு பயம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இந்த ஆளிடம் செய்யக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது, அந்தக் கேள்வியோடு சில ஆண்டு நானும் உட்காரலாம் என்று படிக்கிறவருக்குத் தோன்ற வேண்டும். மதிப்பெண், கடிதம், ஜிமேட் நுழைவுத் தேர்வு, எல்லாமே அதற்குத் துணைதான்.

கேள்விக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம். உங்களுக்கு வேண்டியது பிஎச்டியா, டிபிஏ என்கிற தொழில் நிர்வாக முனைவர் பட்டமா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் முனைவர் பட்டங்கள் எல்லாம் எட்டாம் நிலை, அதில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் பிஎச்டி ஓர் அறிவுத்துறைக்குப் புதிதாக எதையாவது சேர்க்கச் சொல்கிறது, டிபிஏ உங்கள் தொழிலில் உள்ள ஒரு நிஜச் சிக்கலை ஆராய்ச்சி முறையில் தீர்க்கச் சொல்கிறது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக வேண்டும், வெளிநாட்டில் வேலை தேட வேண்டும் என்றால் பிஎச்டி பக்கம் போவதே நல்லது. பதினைந்து வருடம் தொழிற்சாலை நிர்வாகத்தில் இருந்துவிட்டு, அந்த அனுபவத்தை ஒழுங்காக யோசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு டிபிஏ பொருந்தும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட வேண்டும் என்பது மட்டும் காரணமாக இருந்தால், சிரிக்க வேண்டாம், நம் சமூகத்தில் அது ஒரு நிஜக் காரணம், தயவுசெய்து உங்கள் சேமிப்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் பட்டம் விற்கிற கும்பல்கள் ஹோட்டல் ஹாலில் மேடை போடுகின்றன. எந்த உள்நாட்டுப் படிப்பாக இருந்தாலும் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ வைத்திருக்கும் தகுதிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

சரி, கேள்வி.

இந்த நாட்டில் பிசினஸ் ஆராய்ச்சிப் புரபோசல்களில் ஒரு வார்ப்பு இருக்கிறது. 'கிள்ளான் பள்ளத்தாக்கில் இளைஞர்கள் இ-வாலட் பயன்படுத்தும் எண்ணத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்.' டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியையோ, ஆஜென் 1991இல் எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டையோ எடுத்து, அதில் 'நம்பிக்கை' என்று ஒரு பெட்டியை ஒட்ட வைத்து, எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று எண் போடச் சொல்லும் லிக்கர்ட் அளவுகோலில் ஒரு கேள்வித்தாள், கூகுள் ஃபார்மில் வாட்சாப் குழுக்களுக்கு அனுப்பி, கிரெய்சி-மோர்கன் அட்டவணைப்படி 384 பேர், அப்புறம் ஸ்மார்ட்பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள். அந்த 384 எங்கிருந்து வருகிறது என்றால், 1970இல் அந்த இருவர் போட்ட அட்டவணையில் மக்கள்தொகை பத்து லட்சம் என்றால் மாதிரி அளவு அது. ஏன் அந்த அட்டவணை என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது, சீனியர் தீஸிஸில் இருந்தது, நானும் போட்டேன் என்பார்கள்.

இந்த முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. யுஎஸ்எம்மில் பேராசிரியர் ராமையா போன்றவர்கள் பிஎல்எஸ் என்ற அந்தப் புள்ளியியல் முறையை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று ஒரு தலைமுறை மாணவர்களுக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதில் உலகத் தரத்தில் வேலை நடந்திருக்கிறது. பிரச்சினை எங்கே என்றால், கருவியை முதலில் எடுத்துக்கொண்டு கேள்வியை அதற்கேற்ப வெட்டுவதில். இ-வாலட்டை எடுத்துவிட்டு அங்கே 'ஆன்லைன் மளிகை' என்று போட்டாலும் புரபோசல் ஒரு வரி மாறாமல் நிற்கும் என்றால், அங்கே கேள்வியே இல்லை. மனுவைப் படிக்கிறவருக்கு இது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அதே வாரம் அவர் மேசைக்கு அதேபோல இன்னும் நான்கு வந்திருக்கும்.

கேள்வி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், உங்களைச் சுற்றியே கிடக்கிறது என்பேன், ஆனால் அது கேள்வி வடிவத்தில் கிடப்பதில்லை, புலம்பல் வடிவத்தில்தான் கிடக்கும். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ கடை வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும், குறைந்தபட்ச சம்பளத்தை ஏற்றிவிட்டார்கள், எப்படிக் கடை நடத்துவது என்ற பேச்சு வரும். இதை அப்படியே புரபோசலாக்கினால், 'குறைந்தபட்ச சம்பளம் சிறு வணிகங்களை எப்படிப் பாதிக்கிறது' என்று வரும். இது தலைப்பு. ஆராய்ச்சிக் கேள்வியாக இன்னும் ஆகவில்லை. யார் பாதிக்கப்பட்டார், யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்பது இதில் இல்லை. கோவிட் முடிந்து கடை திறந்ததால் வந்த மாற்றத்தையும் சம்பளத்தால் வந்த மாற்றத்தையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

இப்போது சட்டத்தைக் கையில் எடுத்துப் படியுங்கள். 2022 மே 1 முதல் 1,500 ரிங்கிட் என்று வந்தபோது அது முக்கியமாக ஐந்து அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள முதலாளிகளுக்கு. ஐந்துக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்குத் தள்ளிப் போட்டு, 2023 ஜூலை 1இல்தான் அமலுக்கு வந்தது. 1,700 ரிங்கிட் வந்தபோதும் அதே கதை: ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 2025 பிப்ரவரி 1, அதற்குக் கீழே என்றால் ஆகஸ்ட் 1. ஒரே தெருவில் ஆறு பேர் வேலை செய்கிற துணிக்கடையும் நான்கு பேர் வேலை செய்கிற துணிக்கடையும் இருக்கின்றன என்று வையுங்கள். வாடகை ஏறக்குறைய ஒன்று, தீபாவளிக் கூட்டம் ஒன்று, மழை ஒன்று. ஆனால் 1,500 வந்தபோது ஓராண்டுக்கும் மேலே ஒரு கடைக்கு அந்தச் சட்டம் உண்டு, பக்கத்துக் கடைக்கு இல்லை. சட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு கடைகளிலும் நடந்த மாற்றத்தை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், பொதுவாக எல்லோருக்கும் நடந்தது கழிந்துபோய்ச் சட்டத்தின் வேலை மட்டும் மிஞ்சும். டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ் என்று பொருளியலில் சொல்கிற முறை இதுதான், பெயர்தான் பயமுறுத்துகிறது.

இதோடு விடாதீர்கள், உங்கள் யோசனையை நீங்களே அடித்துப் பாருங்கள். ஐந்து பேர் வைத்திருந்த முதலாளி ஒருவரை நிறுத்திவிட்டு நான்காக்கிக்கொள்வாரா? மனைவியும் மச்சானும் கல்லாவில் உட்கார்ந்தால் அவர்கள் ஊழியர் கணக்கில் வருகிறார்களா? நாலு பேர் கடைக்காரர், நம் கடைக்குச் சட்டம் இன்னும் வரவில்லை என்று தெரிந்துதான் பழைய சம்பளம் கொடுத்தாரா, அல்லது பக்கத்துக் கடையில் ஏற்றிவிட்டார்கள், கொடுக்காவிட்டால் பையன் போய்விடுவான் என்று தானும் ஏற்றினாரா? கடைசியாகச் சொன்னது நடந்திருந்தால் ஒப்பிடும் முறையே ஆட்டம் காணும், ஆனால் அதுவே முதலில் நினைத்ததைவிடச் சுவையான கேள்வியாகவும் மாறும். இந்த மூன்று கேள்விகளையும் புரபோசலில் நீங்களே எழுதி, இவற்றை இப்படிச் சமாளிக்கப் பார்க்கிறேன் என்று இரண்டு பத்தி போட்டால், அதைப் படிக்கிற பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். தன் யோசனையில் ஓட்டை எங்கே என்று தெரிந்த மாணவர் அபூர்வம்.

தரவு எங்கே என்று அவர் கேட்பார். கட்டாயம் கேட்பார். சிறு கடைகளின் சம்பளக் கணக்கு யாரிடமும் தயாராக இல்லை, நீங்கள் படியேறி இறங்கித்தான் சேகரிக்க வேண்டும், வணிகர் சங்கம் வழியாகவா, தெரிந்த கணக்காளர் வழியாகவா என்று சொல்லத் தெரிய வேண்டும். அது கஷ்டமாகப் பட்டால், தரவு திறந்து கிடக்கிற இடத்துக்குக் கேள்வியை நகர்த்தலாம். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களை எடுங்கள்: 2 பில்லியன் ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ளவை 2022 செப்டம்பர் 1 முதல் குறைந்தது ஒரு பெண் இயக்குநரை வைத்திருக்க வேண்டும், மற்றவை 2023 ஜூன் 1 முதல் என்று விதி வந்தது. இங்கேயும் இரண்டு தேதி, இரண்டு குழு. ஆண்டறிக்கைகள் எல்லாம் பங்குச்சந்தையான பூர்சா மலேசியாவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, உட்கார்ந்து எடுக்கப் பொறுமைதான் வேண்டும்.

'என் கம்பெனியில் டேட்டா கிடைக்கும்' என்று பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் தைரியமாகச் சொல்வார்கள். 1972இல் அந்தத் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்து இன்டெல் அங்கே ஆலை போட்ட காலத்திலிருந்து பினாங்கு மின்னணுத் துறையைப் பற்றி எவ்வளவோ பேர் ஆராய்ந்திருக்கிறார்கள், உள்ளேயிருந்து பார்க்கிற கண் இன்னும் குறைவு, அதனால் அது பெரிய பலம்தான். ஆனால் கம்பெனி எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் அது டேட்டா. மேனேஜர் கேன்டீனில் 'எடுத்துக்கோ, பரவாயில்லை' என்று சொன்னது, அவர் மாற்றலாகிப் போன அன்றோடு போய்விடும். மனு போடும்போதே ஒரு பக்க அனுமதிக் கடிதம் இணைக்க முடிந்தால், காலத்தோடு முடிப்பாரா என்ற சூப்பர்வைசரின் பயத்தில் பாதி அங்கேயே தணிந்துவிடும்.

தியரி பற்றி ஒரு வார்த்தை. தொழிலிலிருந்து வருகிறவர்கள் வழுக்குகிற இடம் இது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் மூன்று தலைமுறையாக நடக்கும் ஒரு கடையில் மகன் டாக்டர், மகள் வக்கீல், கடையை எடுக்க ஆளில்லை என்பது ஒரு நிஜப் பிரச்சினை. ஆனால் ஆராய்ச்சியாளர் அதைக் கேட்டதும், இது எதனுடைய உதாரணம் என்று கேட்பார். முதலாளியும் நடத்துகிறவரும் வேறாகும்போது வரும் செலவு என்று பார்த்தால் அது ஜென்சனும் மெக்லிங்கும் 1976இல் தொடங்கி வைத்த முகமை விவாதம். கடையின் பெயரும் வாடிக்கையாளர் உறவும் வேறு யாராலும் காப்பியடிக்க முடியாத சொத்து, குடும்பத்துக்கு வெளியே கைமாறும்போது அது என்னாகிறது என்று பார்த்தால் பார்னி 1991இல் எழுதிய வளம் சார்ந்த பார்வை. ஒரே கடை, இரண்டு வேறு தீஸிஸ். எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறீர்கள், ஏன் அதை என்று இரண்டு வரியில் சொல்லத் தெரிந்தால் போதும், மனு கட்டத்தில் நாற்பது மேற்கோள் தேவையில்லை.

அடுத்து, யாரிடம் போவது. கேள்வி நல்ல கேள்வியாக இருந்து, அந்தத் துறையில் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை என்றால் மனு தள்ளுபடிதான், உங்கள் மதிப்பெண்ணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு யுஎம் எக்ஸ்பர்ட் என்று விரிவுரையாளர் விவரத் தளம் இருக்கிறது. கூகுள் ஸ்காலரில் அவர்களுடைய கடைசி மூன்று நான்கு ஆண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள், பத்து வருடத்துக்கு முன்னால் எழுதியதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆட்கள் ஆர்வம் மாறுவார்கள். இன்னொரு வழி, நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: யுஎஸ்எம் இபிரிண்ட்ஸ் போன்ற களஞ்சியங்களில் அவர் மேற்பார்வையில் முடிந்த ஒரு தீஸிஸை இறக்கிப் படியுங்கள். முழுவதும் வேண்டாம், முதல் அத்தியாயமும் முறையியல் அத்தியாயமும் நன்றியுரையும். அவர் எப்படிப்பட்ட கேள்வியை ஏற்கிறார் என்பது முதல் இரண்டில் தெரியும். மாணவரை எப்படி நடத்துகிறார் என்பது நன்றியுரையில் தெரிந்துவிடும், வரிகளுக்கு நடுவே கொஞ்சம் படிக்கத் தெரிந்தால்.

அப்புறம் மின்னஞ்சல். 'உங்கள் கீழ் பிஎச்டி செய்ய ஆர்வமாக உள்ளேன், என் சிவி இணைத்துள்ளேன்' என்று இருபது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் இருபது பேரும் அதை அப்படியே கடந்து போவார்கள். நான்கு பத்தி போதும். அவர் எழுதிய ஒரு குறிப்பிட்ட கட்டுரையில் எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது. அதிலிருந்து உங்களுக்கு எழும் கேள்வி. தரவுக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் யார், முழு நேரமா பகுதி நேரமா, எந்தப் பருவத்தில் சேர நினைக்கிறீர்கள். இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பு ஒன்றை இணைக்கலாம், முப்பது பக்கப் புரபோசலை முதல் கடிதத்திலேயே தூக்கிப் போடாதீர்கள். விளிப்பில் கவனம்: மலாய்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, 'பின்' அல்லது 'பிந்தி'க்குப் பின்னால் வருவது அப்பா பெயர், அதைப் பிடித்துக்கொண்டு பேராசிரியரை அழைத்தால் அவருடைய அப்பாவை அழைத்ததாகிவிடும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் பெரும்பாலும் முதலில் நிற்கும். டத்தோ, டத்தின் போன்ற பட்டம் இருந்தால் விடாமல் போடுங்கள். சில பேர் கண்டுகொள்ள மாட்டார்கள், சில பேர் கண்டுகொள்வார்கள், யார் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியாதே. இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு தடவை பணிவாக நினைவூட்டலாம். அமெரிக்கத் துறைகளில் பல இடங்களில் குழுவாகத்தான் ஆள் எடுப்பார்கள், தனிப் பேராசிரியருக்கு எழுதிச் சம்மதம் வாங்கும் வழக்கம் அங்கே அவ்வளவாக இல்லை, அதனால் அவர் பதில் போடவில்லை என்று மனம் விட வேண்டாம்.

நோக்க அறிக்கை எழுதும்போது நம் ஆட்களுக்கு ஒரு பெரிய இழுப்பு வரும். எஸ்டேட் லயத்தில் பிறந்தது, அம்மா பால்மரம் வெட்டிப் படிக்க வைத்தது, தமிழ்ப்பள்ளியில் படித்து இந்த இடத்துக்கு வந்தது. உண்மையான கதை, பெருமையான கதை, அதைச் சொல்லக் கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இந்த மனுவில் அதற்கு ஒரு பத்திக்கு மேல் இடமில்லை. அந்த ஒரு பத்தியும் உங்கள் கேள்விக்கு வழி விட வேண்டும்: தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்கள் எப்படிச் சிறு தொழில்களுக்குள் நுழைந்தன என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி என்றால், அந்தக் கதைக்கு அங்கே வேலை இருக்கிறது. நிதிச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஆராயப் போகிறீர்கள் என்றால், அதை நேர்காணலில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மீதிப் பக்கம் முழுவதும் நீங்கள் செய்த ஆராய்ச்சி அனுபவத்துக்கு, அது மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்டாகவே இருக்கட்டும், என்ன நினைத்தீர்கள், எது எதிர்பார்த்தபடி வரவில்லை, அதிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று.

மாஸ்டர்ஸில் வெறும் கோர்ஸ் ஒர்க்தான், ஆராய்ச்சியே இல்லை என்றால், சேர்ந்த பிறகு ஆராய்ச்சி முறையியல் பாடங்களைக் கூடுதலாக எடுக்கச் சொல்லலாம், அதற்குக் கோபப்பட வேண்டாம். நிதி, கணக்கியல் பக்கம் வெளிநாடு போக நினைப்பவர்கள் கணக்கைத் தூசு தட்டுங்கள். கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், எகோனோமெட்ரிக்ஸ் இல்லாமல் முதல் வருடமே மூச்சு முட்டும். ஆர், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள் இரண்டில் ஒன்றைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டு போவது நல்லது.

சிவியில் கட்டுரைகள் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிற ஜர்னல்கள் நம் மின்னஞ்சல் பெட்டியை நிறைத்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் மூன்று கட்டுரை இருப்பதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது மேல், ஏனென்றால் படிக்கிறவர் அந்த ஜர்னல் பெயரைப் பார்த்ததும் உங்கள் தீர்ப்புத் திறனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். ஆஸ்திரேலிய பிசினஸ் டீன்கள் கவுன்சில் வெளியிடும் ஏபிடிசி பட்டியலில் ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று தரம் பிரித்திருக்கிறார்கள், முதல் வடிகட்டியாக அது போதும். ஸ்கோபஸில் இருக்கிறது என்று விளம்பரம் செய்வதை மட்டும் நம்ப முடியாது, ஸ்கோபஸ் பிறகு நீக்கிவிட்ட ஜர்னல்களும் உண்டு.

பரிந்துரைக் கடிதம் அடுத்த தலைவலி. 'நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்' என்று சொல்கிற விரிவுரையாளர்கள் இங்கே உண்டு. அன்பினால்தான் சொல்கிறார், நேரமில்லாமல்தான் சொல்கிறார், ஆனால் மூன்று கடிதமும் ஒரே ஆள் நடையில் இருந்தால் படிக்கிறவர் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி வேறு: 'சார், உங்கள் வகுப்பில் நான் செய்த ப்ராஜெக்ட் இது, அதில் நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியால் மாதிரியை மாற்றினேன், இது என் தற்போதைய குறிப்பு' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அவருக்கு நினைவு வரும், அவர் நடையில் எழுதுவார். மேலதிகாரி எழுதும் கடிதம் உங்கள் நேரம் தவறாமையைச் சொல்லும், ஆராய்ச்சித் திறனைச் சொல்லாது; டிபிஏவுக்கு அது நல்லதுதான், பிஎச்டிக்கு மூன்றில் ஒன்றாக இருந்தால் போதும். டான்ஸ்ரீ பட்டம் பெற்றவர் கடிதம், ஒய்பி என்று அழைக்கப்படும் மக்கள் பிரதிநிதி கடிதம் எல்லாம் உங்களோடு உட்கார்ந்து வேலை செய்யாதவர்கள் எழுதினால் வெறும் தாள்.

ஜிமேட், ஜிஆர்இ பற்றிச் சுருக்கமாக. உள்நாட்டில் பெரும்பாலும் தேவைப்படாது. அமெரிக்கா போகவோ, சிங்கப்பூரில் என்யுஎஸ், இன்சியாட் போன்ற இடங்களுக்கோ என்றால் தேவைப்படும். ஜிமேட் 2023 இறுதியில் வடிவம் மாறியது: மூன்று பகுதி, இரண்டே கால் மணி நேரம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 700க்குச் சமமானது புதியதில் ஏறக்குறைய 645, அதனால் பழைய பிளாக்குகளில் 700 வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். ஒரு தடவை எழுத ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேலேயே ஆகிவிடும், சும்மா எழுதிப் பார்க்கிற விலை அல்ல.

பதிவு செய்யும்போது நமக்கென்றே ஒரு தொல்லை: பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி இருக்கும், வெளிநாட்டுப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், சாய்வுக்கோட்டைப் பல படிவங்கள் ஏற்காது. தேர்வுப் பதிவில் ஒரு விதம், டிரான்ஸ்கிரிப்டில் ஒரு விதம், விசாவில் ஒரு விதம் என்று போய்விட்டால், இந்த மதிப்பெண் உங்களுடையதுதானா என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் எழுத வேண்டி வரும். எப்படிப் போட வேண்டும் என்று தேர்வு நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தப் பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதே மாதிரி போடுங்கள்.

காலக் கணக்கும் இரண்டு விதம். அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய டிசம்பர் அல்லது ஜனவரித் தொடக்கத்தில் மனு முடிந்துவிடும், ஆக ஜிமேட்டை செப்டம்பருக்குள் முடித்துக் கடிதம் எழுதுகிறவர்களை அக்டோபரிலேயே பிடித்துவிட வேண்டும், தீபாவளி பரபரப்பில் விட்டால் போச்சு. உள்நாட்டில் ஆராய்ச்சி முறைப் படிப்புக்கு ஆண்டு முழுவதும் மனு வாங்குகிற இடங்கள் நிறைய, அதனாலேயே நம்மவர்கள் வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள்.

பணம் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. சூப்பர்வைசரிடம் எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற அரசு ஆராய்ச்சி நிதி இருந்தால் அதிலிருந்து ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் அப்போது உங்கள் கேள்வி அவருடைய திட்டத்துக்குள் அடங்க வேண்டும்; முதல் சந்திப்பிலேயே கூச்சப்படாமல் கேட்கலாம். ஊழியர் சேமநிதியில் செஜாதெரா கணக்கிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்கலாம். வருமான வரியில் சொந்தக் கல்விக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு, மாஸ்டர்ஸுக்கும் முனைவர் படிப்புக்கும் எந்தத் துறை என்ற கட்டுப்பாடு இல்லாமல்.

மனு ஓரளவு தேறிவிட்டால் நேர்காணல் வரும், இப்போது பெரும்பாலும் ஜூமில்தான். அவர்கள் உங்கள் புரபோசலை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள், ஒரு மூலையை இடித்துப் பார்ப்பார்கள்: 'உங்கள் முடிவு நேர்மாறாக வந்தால் என்ன சொல்வீர்கள்?' பதில் தெரியாவிட்டால், தெரியாது, ஆனால் இப்படி யோசிப்பேன் என்று சத்தமாக யோசியுங்கள். 'எஸ் ப்ரொஃப், எஸ் ப்ரொஃப்' என்று தலையாட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் நம் பள்ளிகள் கொடுத்த மரியாதை, இங்கே அது எதிராக வேலை செய்யும்.

இடம் கிடைத்த பிறகும் சில கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும். அமெரிக்க இடங்களில் பணத்தோடு வரும் வாய்ப்புக்கு ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல அவகாசம் கொடுப்பது அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட வழக்கம், அதற்கு முன்னால் யாராவது அவசரப்படுத்தினால் பணிவாக அதை நினைவூட்டலாம். உதவித்தொகை எத்தனை ஆண்டு, கோடையிலும் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். உள்நாட்டில் என்றால் சூப்பர்வைசரின் கையில் இப்போது எத்தனை மாணவர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் போன வருடம் முடித்தார்கள் என்று கேளுங்கள், அவரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் அவருடைய மாணவர் ஒருவரைப் பிடித்து ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு வயது அறுபது. அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு, உங்களுக்குப் பார்ட் டைமில் ஆறு வருடம் என்றால், துணைச் சூப்பர்வைசர் யார், பாதியில் அவர் போய்விட்டால் இந்தக் கேள்வியை எடுத்து நடத்த அந்தத் துறையில் வேறு யார் இருக்கிறார் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்.